புயலை ஆந்திராவுக்கு அனுப்புதல்: ஒரு குடும்ப ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் உருவாகும் தாழ்வு மண்டலங்களைப் பற்றி வானிலையாளர்கள் எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். அவற்றை நம் ஊருக்கு வராமல் அடுத்த மாநிலத்துக்கு அனுப்பிவைக்கச் சென்னைக் குடும்பங்கள் படும் பாட்டைத்தான் யாரும் கண்டுகொள்ளவில்லை. அறிவுலகின் இந்தக் குறையை நீக்க இக்கட்டுரை முற்படுகிறது.

ஆய்வுக் களம்: தென்சென்னையில் ஒரு காலத்தில் ஏரியாக இருந்த இடத்தில் எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்பு, முதல் மாடி. ஆய்வுக்கு உட்பட்டோர்: அப்பா, அம்மா, வேதாரண்யத்திலிருந்து வந்து எங்களோடு இருக்கும் அப்பாயி, நெல்லூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் அக்கா (கைபேசி வழியாக). இவர்களை அருகிலிருந்து கவனிக்கும் வாய்ப்பு ஆய்வாளருக்குப் பிறப்பிலேயே அமைந்தது. ஆய்வுக்கான நிதியுதவியை அப்பா மறுத்துவிட்டார்.

2. எச்சரிக்கை நிலைகள்

இந்திய வானிலை ஆய்வு மையம் காற்றின் வேகத்தை வைத்துத் தரம் பிரிக்கிறது. மணிக்கு 31 கிலோமீட்டரைத் தொட்டால் தாழ்வு மண்டலம். 62ஐத் தொட்டால் புயல். 89ஐத் தொட்டால் தீவிரப் புயல். 118ஐத் தொட்டால் அதிதீவிரப் புயல். துறைமுகங்களில் 1 முதல் 11 வரை எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள்.

குடும்பத்துக்கு இவ்வளவு நுணுக்கம் தேவைப்படுவதில்லை. நான்கே நிலைகள் போதும். முதல் நிலையில் அப்பா செய்திச் சேனலின் ஒலியைக் கூட்டுவார். இரண்டாம் நிலையில் அம்மா அரிசி ஊறப்போடுவார். மூன்றாம் நிலையில் கார் மேம்பாலத்துக்குப் போகும். 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரமாக வரிசைகட்டி நின்ற கார்களைப் பார்த்தவர்கள் இந்த நிலையை உடனே அடையாளம் காண்பார்கள். நான்காம் நிலையில் மதுரையிலிருந்து சித்தப்பா பேசுவார். "அங்க எப்படி? டிவில பயங்கரமா காட்றானே" என்று அவர் கேட்டுவிட்டால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள். அதுவரை "ஒண்ணும் இல்லப்பா, சும்மா தூறுது" என்று சொல்லிக்கொண்டிருந்த அப்பா, சித்தப்பாவின் குரலைக் கேட்ட பிறகுதான் பால்கனிக்குப் போய் வானத்தைப் பார்க்கிறார்.

துறைமுகத்தின் 11ஆம் எண் கூண்டுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. வானிலை அலுவலகத்தோடு தொடர்பே அற்றுப்போய்விட்டது, ஆபத்து இருப்பதாக உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பது அதன் பொருள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படம் வராத நாளே இதற்கு இணையான வீட்டு நிலை. அன்றைக்கு எல்லோரும் உண்மையிலேயே பயப்படுகிறார்கள்.

3. சேமிப்புப் பொருள்கள்

புயலுக்கு முந்தின மாலை, தெருமுனைக் கடையில் பால் பாக்கெட், பிரெட், மெழுகுவத்தி மூன்றும் இந்த வரிசையிலேயே தீர்கின்றன. பிரெட் ஏன் தீர்கிறது என்பதை ஆய்வாளரால் விளக்க முடியவில்லை. சாதாரண நாளில் காய்ச்சல் வந்தவர் மட்டும் சாப்பிடும் பண்டம் அது. புயலையும் ஒரு காய்ச்சலாக நம் மக்கள் கருதுவதாக ஒரு விளக்கம் உண்டு.

இட்லி மாவுச் சிக்கல் இன்னும் ஆழமானது. கரண்ட் போவதற்குள் அரைத்தாக வேண்டும். இல்லையென்றால் ஊறின அரிசியும் உளுந்தும் வீண். அரைத்துவிட்டாலோ, மறுநாள் ஃப்ரிட்ஜ் ஓடாது. மாவு புளித்துப் பொங்கிப் பாத்திரத்தை விட்டு இறங்கிவிடும். அம்மா இதற்கு ஒரு நடைமுறைத் தீர்வு வைத்திருக்கிறார். முதலில் உளுந்தை ஆட்டி எடுத்துவிடுவது. நடுவில் கரண்ட் போனால் அரிசியை மிக்ஸியில் இன்வெர்ட்டரில் ஓட்டலாம். உளுந்து மட்டும் கிரைண்டரில் பொங்கப் பொங்க ஆடினால்தான் உளுந்து. கிரைண்டர் கல்லின் பக்கத்தில் நின்று கையை நனைத்து நனைத்து மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டே, ஒரு காதை டிவியிலும் ஒரு கண்ணை டியூப்லைட்டிலும் வைத்திருப்பார். டியூப்லைட் ஒருமுறை இமைத்தால் கல்லைத் தூக்கிவிடுவார்.

இதற்குள் அப்பா மோட்டார் போட்டு மாடித் தொட்டியை நிரப்பியிருப்பார். பக்கெட், குடம், அண்டா எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்தாகியிருக்கும். ஊரெல்லாம் தண்ணீராகப் போகிறது என்று தெரிந்தும் வீட்டில் தண்ணீரைச் சேர்த்துவைப்பதே சென்னைவாசிகளின் வானிலைத் தத்துவத்துக்குச் சாரம்.

விளக்கு விஷயத்தில் பஞ்சாங்கம் நமக்குத் துணை நிற்கிறது. கார்த்திகை தீபம் புயல் பருவத்தின் நட்டநடுவில் வருவதால் அகல், திரி, நல்லெண்ணெய் மூன்றும் வீட்டில் எப்படியும் இருக்கும். 2023இல் தீபம் நவம்பர் 26ஆம் தேதி. மிக்ஜாம் புயல் மழை டிசம்பர் 3ஆம் தேதி. எடுத்துவைக்க மறந்த அகல்களே அந்த வாரம் எங்கள் மாடிப்படிக்கு வெளிச்சம் தந்தன.

சேமித்ததெல்லாம் வீண் என்று அலுத்துக்கொள்வோருக்கு 2016ஆம் ஆண்டைச் சான்றாகக் காட்டலாம். டிசம்பர் தொடக்கத்தில் நடா புயல் மிரட்டியது. வாங்கிக் குவித்தோம். அது வலுவிழந்து டிசம்பர் 2ஆம் தேதி காரைக்கால் பக்கம் சாதுவாக ஒதுங்கியது. அப்பா அந்த மெழுகுவத்திகளை வைத்து அம்மாவை ஒரு வாரம் கேலி செய்தார். டிசம்பர் 12ஆம் தேதி வர்தா சென்னையிலேயே கரையேறி ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்துக் கரண்டைப் பல நாள் பறித்துக்கொண்டது. கேலிக்குள்ளான மெழுகுவத்தியின் வெளிச்சத்தில் அப்பா சாப்பிட்டார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வத்தக்குழம்பை மட்டும் இன்னொரு கரண்டி ஊற்றினார்.

4. வழிபாட்டு முறைகள்

ஆய்வுக்கு உட்பட்ட வீட்டில் மூன்று சமயங்கள் உள்ளன. அம்மா சுந்தர காண்டம் படிப்பார். அப்பாயி கோளறு பதிகம் சொல்வார். நடுநடுவே வேளாங்கண்ணி மாதாவையும் நாகூர் ஆண்டவரையும் கூப்பிட்டுக்கொள்வார். நாகப்பட்டினக் கரையில் கடல் விஷயத்துக்கு மூன்று வாசலும் ஒன்றே. புயலில் தப்பிய போர்த்துகீசிய மாலுமிகளின் நேர்த்திக்கடனாக எழுந்தது வேளாங்கண்ணிக் கோயில் என்பது அங்கே வழங்கும் வரலாறு.

அப்பா பகுத்தறிவாளர். சாமியை நம்பமாட்டார்; வானிலை மாடலை நம்புவார். இந்தச் சமயத்திலும் ஐரோப்பிய மாடல், அமெரிக்க மாடல் என்று இரு பிரிவுகள் உண்டு. விண்டி செயலியைத் திறந்து இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார். எது புயலை வடக்கே தள்ளிக் காட்டுகிறதோ அன்றைக்கு அதுவே அறிவியல். "ஐரோப்பியன் ஆந்திராங்கிறான்" என்று அவர் அறிவிக்கும்போது முகத்தில் தெரியும் தெளிவு, பிரசாதம் வாங்கித் திரும்புவோர் முகத்தில் தெரிவதே.

நம்பிக்கையும் முன்னேற்பாடும் ஒன்றுக்கொன்று பகை என்று கருதுவோர் மதுராந்தகம் போய்வர வேண்டும். அங்கே கோயில் கொண்டிருப்பவர் ஏரி காத்த ராமர். 1790களில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் துரை, ஏரிக்கரையைச் செப்பனிட்டும் அது மழைக்கு உடைந்ததைக் கண்டு நொந்து, கரை நின்றால் தாயார் சந்நிதித் திருப்பணி செய்துதருவதாக வேண்டிக்கொண்டார். மழை இரவில் கரையைப் பார்க்கப் போனபோது வில்லேந்திய இருவர் காவல் நிற்கக் கண்டார், கரை உடையவில்லை, திருப்பணி நடந்தது. தலத்தில் இப்படித்தான் சொல்கிறார்கள். ஆய்வாளர் கவனிக்கச் சொல்வது இரண்டு விஷயங்களை. துரை வேண்டிக்கொண்டது மண்ணைக் கொட்டிக் கரையைப் பலப்படுத்திய பிறகு. ராமர் வந்து நின்றதும் கருவறையில் அல்ல, கரை பலவீனமாக இருந்த இடத்தில். பிரார்த்தனை பண்ணியாயிற்று என்று மொட்டைமாடி வடிகுழாயில் அடைத்த இலைகளை அள்ளாமல் விடுவதற்குத் தலபுராணத்தில் இடமில்லை.

5. திசைச் சிக்கல்

இங்கேதான் ஆய்வின் மையம் வருகிறது. புயல் வேண்டுதல் எதுவானாலும் அதற்கு ஒரு திசை உண்டு. "எப்படியாவது ஆந்திரா பக்கம் போயிடணும்" என்பதே சென்னையின் பொது வேண்டுதல். அக்காவுக்குக் கல்யாணம் ஆகும்வரை எங்கள் அம்மாவின் வேண்டுதலும் அதுதான். சம்பந்தி வீடு நெல்லூரில் அமைந்ததும் அதை மறுபரிசீலனை செய்ய வேண்டியதாயிற்று. "ஆந்திராதான், ஆனா நெல்லூரைத் தாண்டி" என்று திருத்தினார். பிறகு ஒருநாள் அக்கா போனில், "எங்க மாமியார் தமிழ்நாட்டுப் பக்கம் போயிடணும்னு வெங்கடாசலபதிக்கு முடிஞ்சு வெச்சிருக்காங்கம்மா" என்றார். ஒரே பெருமாளிடம் இரு சம்பந்திகள் எதிரெதிர் மனு. அம்மா சிறிது நேரம் பேசவில்லை.

"சரி, ஒடிசா போகட்டும்" என்றார் அப்பா. பெரியம்மா மகன் புவனேஸ்வரத்தில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. "அப்ப பர்மா. அங்க நமக்கு யாரும் இல்ல." அம்மா நிமிர்ந்து பார்த்தார். அவருடைய தாத்தாவின் தம்பி குடும்பம் ரங்கூனிலேயே தங்கிவிட்டது. இன்னும் கல்யாணப் பத்திரிகை வருகிறது.

அம்மாவும் அப்பாவும் அடுக்கிய இடங்கள் எதுவும் வெறும் வரைபடமல்ல. 1977 நவம்பர் 19 அன்று ஆந்திரத்தின் திவிசீமாவில் கடல் ஊருக்குள் ஏறியதில் சுமார் 10,000 பேர் மாண்டார்கள். 1999 அக்டோபர் 29 சூப்பர் புயலில் ஒடிசா ஏறத்தாழ அதே அளவு உயிர்களை இழந்தது. 2008 ஏப்ரல் கடைசியில் சென்னைக்குக் கிழக்கே கடலில் நின்றிருந்த நர்கீஸ், திசை திரும்பி மே 2 அன்று ஐராவதி டெல்டாவைத் தாக்கியது; இறந்தோர் ஒரு லட்சத்துக்கும் மேல். அது திரும்பிப் போனபோது சென்னையில் நாம் அப்பாடா என்றோம்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது: உறவு விரிய விரிய, புயலுக்குக் கரையேற இடம் குறைகிறது.

6. எதிர்ச்சான்று

நீதியை ஒதுக்கிவைத்தாலும், திசை வேண்டுதல் அறிவியலிலும் தேறவில்லை. 2023இல் மிக்ஜாம் நாம் கேட்டபடியே ஆந்திராவுக்குப் போனது. டிசம்பர் 5 அன்று பாபட்லா அருகே கரையைக் கடந்தது. ஆனால் போகிற வழியில் சென்னைக்கு எதிரே கடலில் மெதுவாக ஊர்ந்தபடி 3, 4 தேதிகளில் கொட்டித் தீர்த்தது. ஓடுபாதையில் தண்ணீர் ஏறியதால் விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். வழியில் நெல்லூரையும் நனைத்தது. இரு சம்பந்திகளின் மனுவும் ஒருசேரத் தள்ளுபடி.

அன்றிரவு தரைதளத்துக் குடும்பம் எங்கள் வீட்டுக்கு ஏறிவந்தது. கேஸ் சிலிண்டர் ஒரு தோளில். ரேஷன் கார்டும் வீட்டுப் பத்திரமும் பாலித்தீன் கவரில் சுற்றிச் சட்டைக்குள். சமயபுரத்தாள் படம் அந்த வீட்டு அம்மாளின் இடுப்பில். எதை முதலில் எடுப்பது என்று அவர்கள் யோசித்த மாதிரியே தெரியவில்லை. அம்மா படத்தை வாங்கி எங்கள் சாமி அலமாரியில் வைத்துவிட்டு அடுப்பில் கல்லைப் போட்டார். புளித்துப் பொங்கப் போகிறதே என்று அதுவரை கவலைப்பட்ட மாவு, இரண்டு குடும்பத்துக்குத் தோசையாகி இரவோடு தீர்ந்தது. தேவைக்கு மேல் வாங்கிய பால் தேவைக்குச் சரியாக இருந்தது.

7. அப்பாயியின் மாற்றுக் கருதுகோள்

இத்தனை விவாதத்திலும் அப்பாயி எந்த ஊர்ப் பெயரையும் சொன்னதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையேறியபோது அவர் ஊரில்தான் இருந்தார். ஒரு ராத்திரியில் தென்னந்தோப்பு முழுவதும் படுத்துவிட்டது. தென்னை இன்னொரு முறை காய்க்க எத்தனை வருஷம் என்று கணக்குத் தெரிந்தவர் அவர். அந்தப் புயல் தெற்கே நகர்கிறது என்று டிவி சொன்னபோது சென்னையில் நாங்கள் நிம்மதியாகப் படுக்கப் போனோம் என்பதும் அவருக்குத் தெரியும். அதைப் பற்றி அவர் எங்களிடம் கேட்டதில்லை.

அவருடைய வேண்டுதல் சுருக்கமானது: "போட்டெல்லாம் கரைக்கு வந்து சேந்துரட்டும். அப்புறம் அது கடல்லயே கரைஞ்சி போவட்டும்."

இரண்டாம் பாகத்துக்கு வானிலையியலின் ஆதரவு உண்டு. வறண்ட காற்று உள்ளே புகுந்தாலும், மேலடுக்குக் காற்று புயலின் தலையை ஒரு பக்கமாக இழுத்தாலும், கடல் போதிய சூடின்றிக் கிடந்தாலும், புயல் கடலிலேயே சோர்ந்துபோகும். அதிதீவிரப் புயலாக மிரட்டிய மாதி, 2013 டிசம்பரில் வேதாரண்யத்துக்கு வந்து சேர்ந்தபோது வெறும் தாழ்வு மண்டலம். நடாவுக்கும் அதுவே கதி. ஆகவே அப்பாயி கேட்பது அற்புதமல்ல. வழக்கமாக நடப்பதில் ஒன்று.

முதல் பாகத்தின் அவசியத்தை ஒக்கி காட்டியது. 2017 நவம்பர் 30 அன்று கன்னியாகுமரிக் கடலில் அது வலுப்பெற்றபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் படகுகள் ஆழ்கடலில் இருந்தன. பலர் திரும்பவே இல்லை. கடலிலேயே கரையட்டும் என்று சும்மா சொல்லிவிட முடியாது. கடலும் யாரோ ஒருவர் குடும்பம் இருக்கிற இடம்தான். அதனால்தான் அப்பாயி போட்டுகளை முதலில் வைக்கிறார்.

8. முடிவுகளும் பரிந்துரைகளும்

ஒன்று: மாவை முதல் மின்னலுக்குள் ஆட்டி முடிக்கவும், உளுந்து முதலில்.

இரண்டு: வடிகுழாயில் அடைத்த இலைகளை அள்ளிய பிறகே விளக்கேற்றவும்.

மூன்று: பால் பாக்கெட்டைக் கீழ்வீட்டாரையும் கணக்கில் சேர்த்தே வாங்கவும். கூடுதலாக வாங்கியதாக அப்பா முணுமுணுத்தால் வர்தாவை நினைவூட்டவும்.

நான்கு: வேண்டுதலில் ஊர்ப் பெயர் வேண்டாம். அப்பாயியின் வாசகத்தை, அதே வரிசையில், எல்லாச் சமயத்தவரும் பயன்படுத்தலாம். ஐரோப்பிய மாடலை வழிபடுவோர் உட்பட.

ஐந்து: அதையும் மீறிப் புயல் எங்காவது கரையேறினால், நம் ஊர் தப்பியது என்று டிவியை அணைக்காமல் அந்த ஊருக்கு முதலில் போன் செய்யவும். அங்கே நமக்கு யாரும் இல்லையே என்று தோன்றினால், வீட்டில் பெரியவர்களிடம் இன்னும் சரியாக விசாரிக்கவில்லை என்று பொருள்.