லாரியில் வந்த வீடு

பாலக்கோட்டுப் பக்கம் ஐம்பது வயதைத் தாண்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள், பிறந்த வீட்டின் சுவர் எந்த ஏரி மண் என்று சட்டெனச் சொல்வார்கள். கோடையில் ஏரி வற்றியதும் வண்டி கட்டிப் போய் மண் வெட்டி வந்து, தண்ணீர் விட்டு மிதித்துப் புளிக்க வைத்து, முழ உயரத்துக்கு ஒரு வரி எழுப்பி, அது காய்ந்த பிறகே அடுத்த வரியில் கை வைத்த காலம் அது. வீடு எங்கள் கண்ணெதிரே பயிரைப் போல வளர்ந்தது. மேலே கருப்பந்தோகைக் கூரை. கையில் நாலு காசு சேர்ந்தவர்கள் சீமை ஓட்டுக்கு மாறினார்கள்.

மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் 1865-இல் ஆலை வைத்துச் செய்யத் தொடங்கிய அந்த ஓட்டு வகை, மலைத்தொடரைத் தாண்டி எங்கள் தெருவுக்கு வந்து இறங்கிய நாளில் எனக்கு வந்த பெருமிதம் இன்னும் நெஞ்சில் இருக்கிறது. அப்பா ஒவ்வோர் ஓட்டையும் ஒரு கையில் தூக்கிப் பிடித்து மறுகை விரல்முட்டியால் தட்டுவார். கணீரென்றால் இந்தப் பக்கம், பொத்தென்றால் அந்தப் பக்கம். உங்கள் வீட்டிலும் நடுக்கூடத்தில் ஒரு கண்ணாடி ஓடு இருந்திருக்கும். அதன் வழியே இறங்கும் வெயில் சாணம் மெழுகிய தரையில் நகர்ந்து அடுப்படி வாசலைத் தொட்டால், "பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு" என்று அம்மா குரல் கொடுத்திருப்பார். குரங்கு உடைத்ததையும் பூனை நகர்த்தியதையும் மழைக்கு முன்னே மாற்றியாக வேண்டும்; ஓடு மாற்ற வந்தவருக்குக் களியும் கீரைக் குழம்பும் கொடுத்து, கூரைக்கு மேல் நின்று அவர் சொல்லும் ஊர்க்கதையைக் கீழே நின்று கேட்ட சுகத்துக்கு ஈடாக இன்றைக்கு என்ன இருக்கிறது?

அக்கா மகன் தக்காளித் தோட்டத்தில் ரெடிமேட் வீடு போடப் போவதாகச் சொன்னதும், நானே வலியப் போய் வண்டியில் ஏறிக்கொண்டேன். ஆலையில் வீடு செய்வது நம் நாட்டுக்குப் புதிதில்லை. சுதந்திரம் வந்த கையோடு டெல்லியில் அரசே அதற்கு ஓர் ஆலை வைத்தது. சென்னை பெரும்பாக்கத்தில் ப்ரீகாஸ்ட் முறையில் கட்டிய 1,152 வீடுகள் 2022-இல் திறக்கப்பட்டன. ஆனாலும் ஓசூர் சாலையோரம் ஒரு முற்றத்தில், கதவு ஜன்னலோடு வரிசையாக நின்ற வீடுகளைப் பார்த்தபோது, மண் மிதித்த என் கால்கள் கொஞ்ச நேரம் நகரவில்லை.

"மாமா, இதுல என்னத்தப் பாக்கறது? எல்லாம் ஒண்ணாத்தான இருக்குது?" என்றான்.

எல்லாம் ஒன்றில்லை. சுவராகவும் கூரையாகவும் வரும் பப் பேனல் என்பது இரண்டு கலர் தகடுகளுக்கு நடுவே பாலியூரித்தேன் நுரை. அதே தகடுகளுக்கு நடுவே தெர்மாகோலை வைத்தாலும் வெளியே அடையாளம் தெரியாது; சூட்டைத் தடுக்கும் திறனோ குறைந்துபோகும். வெட்டிய துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி உள்ளே பார்க்க வேண்டும். சுவருக்கு 50 மில்லிமீட்டராவது கனம் வேண்டும், நம்மூர் சித்திரை வெயிலுக்குக் கூரையில் இன்னும் கூடுதலாக. தகடு அரை மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. அதன் மேல் வெறும் துத்தநாகப் பூச்சைவிட, 55 சதவீதம் அலுமினியம் கலந்த பூச்சு துருவுக்கு நன்றாக ஈடுகொடுக்கும். பேனலுக்குப் பதிலாகச் சுவருக்கு வைக்கும் சிமெண்ட் பைபர் போர்டு துருப்பிடிக்காது, கறையான் அரிக்காது. வெட்டிய ஓரத்தைப் பூசி அடைக்காமல் விட்டால் மட்டும் தண்ணீரைக் குடிக்கும். ஸ்க்ரூ ஒவ்வொன்றுக்கும் ரப்பர் வாஷர் இருக்கிறதா, ஆடிக் காற்றுக்கு அசையாதபடி அடிச்சட்டத்தைக் கான்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்குவார்களா என்று கேட்டேன். இதில் தயங்குகிறவர்களிடம் வாங்கவே கூடாது.

எனக்குப் பெரிய குறையாகப் பட்டது, அங்கே நின்ற ஒரு வீட்டுக்கும் தாழ்வாரம் இல்லாததுதான். மண்சுவர் அத்தனை காலம் கரையாமல் நின்றதே தாழ்வாரத்தின் தயவில். வெயிலும் சாரலும் நேராக அடித்தால் எந்தச் சாயமும் வெளுக்கும், எந்த மூட்டும் கசியும். மூன்றடி நீட்டச் சொன்னோம். தனி விலை கேட்டார்கள்; பேசாமல் கொடுத்தோம்.

வீடு லாரியில் வந்து இறங்கியதைப் பார்க்கத் தெருவே கூடியது. மண்சுவர் ஒரு வரி காயும் நேரத்துக்குள் குடியேறிவிட்டார்கள். வீடு நன்றாகவே இருக்கிறது. கோடை மழையில் ஆலங்கட்டி விழுந்த அன்று மட்டும், பக்கத்தில் பேசுவதே கேட்கவில்லையென்று அக்கா போன் செய்தாள். பழைய வீட்டைப் பிரித்து அடுக்கிய சீமை ஓடு தொழுவத்தோரம் கிடக்கிறதே, அதைப் பேனலுக்கு மேல் பரப்பிக்கொடு என்கிறாள். ஓடு ஒன்று இரண்டரைக் கிலோ, சதுர மீட்டருக்குப் பதினைந்து பிடிக்கும். பேனலின் எடையைப் போல மூன்று மடங்கு வரும் அந்தப் பாரத்தை இரும்புச் சட்டம் தாங்குமா என்று இன்ஜினியரிடம் கேட்டிருக்கிறோம். அதற்குள் அக்கா ஓடுகளைக் கழுவி, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துப் பிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.