குறிப்புச் சட்டத்தின் காலம்: ஓர் ஆராய்ச்சி

கட்டுரைக்கு முன் குறிப்புச் சட்டம் எழுத வேண்டும் என்பது பள்ளிக்கூட விதி. இவ்விதியை மீறாமல் மீறுவது எங்ஙனம் என்பதே ஈண்டு ஆய்வுப்பொருள்.

களம், தேர்வறை. மாணவர் தலைப்பை எழுதி அடிக்கோடு இழுக்கிறார். ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் போடுகிறார். அதன் உச்சியில் ‘முன்னுரை’, அடியில் ‘முடிவுரை’. நடுவில் வெற்றிடம். அதை அப்படியே விட்டுவிட்டுக் கட்டுரைக்குள் இறங்கிவிடுகிறார். உட்தலைப்புகள் எழுத எழுதப் பிறக்கும். கடைசி ஐந்து நிமிடத்தில், தாள்களை நூலால் கட்டும் பரபரப்பில், பிறந்தவற்றையெல்லாம் திரும்பிப் பார்த்துக் கட்டத்துக்குள் குடியேற்றுகிறார். ஐந்துக்கு இடம் விட்டு ஏழு பிறந்திருந்தால் கடைசி இரண்டும் எறும்பு எழுத்தில் ஓரமாக ஏறும். திருத்துகிறவர் பார்வையில், திட்டமிட்டு எழுதிய பிள்ளை!

இது ஏமாற்று என்பாரை மறுப்போம். நூலின் முகப்பில் நிற்கும் சிறப்புப் பாயிரத்தை ஆசிரியரின் ஆசான், உடன் கற்றவர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோருள் ஒருவர் செய்யலாம் என்கிறது நன்னூல். நூல் முடியாமல் உரைகாரருக்கு என்ன வேலை? ஆகவே முன்னால் நிற்பது பின்னால் பிறக்கலாம் என்பதற்குப் அந்நூலை இயற்றிய பவணந்தி முனிவரே சாட்சி. (முனிவர் இதற்காகச் சொல்லவில்லை என்பது வேறு விஷயம். சாட்சிகளை அப்படியெல்லாம் குறுக்கு விசாரணை செய்யலாகாது.)

இனி மேனாட்டார். தாளின் நடுவே தலைப்பை எழுதி நாற்புறமும் கிளை இழுக்கும் மனவரைபடத்தை 1970களில் பரப்பினார் டோனி புசான். வண்ணப் பேனாக்கள் வேண்டும் என்றார். நம் தேர்வறையில் எடுபடாது. பீட்டர் எல்போ 1973இல் வெளியிட்ட நூலில் வேறு வழி சொன்னார்: பத்து நிமிடம் பேனாவை நிறுத்தாதே, எழுத ஒன்றும் தோன்றாவிட்டால் தோன்றவில்லை என்பதையே எழுது. அமெரிக்கர்களுக்கு இது புதுமையாக இருந்திருக்கலாம். நம்மவர் அடிஷனல் ஷீட் வாங்குவது நெடுங்காலமாக இந்த முறையில்தான். ஒரே வேறுபாடு, எல்போ அதைப் பயிற்சி என்றார்; நாம் அதற்கு மதிப்பெண் கேட்கிறோம்.

மணி அடித்தும் நடு நிரம்பாமல், முன்னுரையும் முடிவுரையும் மட்டுமே எஞ்சிய சட்டங்களும் உண்டு. அவ்வகை பிற்காலத்தில் மேடைப் பேச்சாளர்களிடமே மிகுதியும் பயின்று வருவதால் இங்கு ஆராயப்படவில்லை.