வீட்டுக்குள் வெள்ளோட்டம்

ஆவணத் தளத்தை வெளியிடும் முன் சொந்தக் கணினியிலேயே ஓடவிட்டுப் பார்ப்பது வழக்கம். போர்ட் எண் தளம் கட்டும் கருவிக்குக் கருவி மாறும்: எம்கேடாக்ஸுக்கு 8000, ஜெக்கிலுக்கு 4000, ஹியூகோவுக்கு 1313. முகவரி மட்டும் பொது: 127.0.0.1. கணினி தன்னைத் தானே கூப்பிட்டுக்கொள்ளும் முகவரி அது. அதை நகலெடுத்து, ‘பார்த்துச் சொல்லுங்க சார்’ என்று மேலாளருக்கு அனுப்புகிறவர்கள் இன்றும் உண்டு. அவர் சொடுக்கினால் அது அவருடைய கணினியையே தேடும். ‘பிரமாதம்’ என்று பதில் வந்தால், சார் திறந்தே பார்க்கவில்லை என்று பொருள்.

எம்கேடாக்ஸிலும் ஹியூகோவிலும் கோப்பைச் சேமித்த நொடியில் பக்கம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். இந்தச் சுகத்தில் ஒரு காற்புள்ளியை நாலு தடவை இடம் மாற்றிவிட்டு, அதற்குச் சோதனை என்று பெயர் வைப்பார்கள்.

உண்மையான வில்லங்கம் வேறிடத்தில். படத்தின் பெயர் பெரிய ‘எல்’லில் தொடங்கும், பக்கத்தில் சின்ன ‘எல்’ எழுதியிருப்பார்கள். விண்டோஸும் மேக்கும் பொதுவாக இதைக் கண்டுகொள்வதில்லை. லினக்ஸ் சர்வர் கறார். படம் இருந்த இடத்தில் ஓட்டைச் சட்டம்தான் தெரியும். கிட்ஹப் பேஜஸில் தளம் துணைப்பாதையில் குடியேறினால், சாய்கோட்டில் தொடங்கும் இணைப்புகளும் வழி தவறும்.

எம்கேடாக்ஸில் ‘ஸ்ட்ரிக்ட்’ என்றொரு தெரிவு உண்டு. எச்சரிக்கை ஒன்று வந்தாலும் தளத்தைக் கட்ட மறுத்துவிடும். வெள்ளிக்கிழமை மாலைகளில் முதலில் நீக்கப்படுவது அதுதான்.

இத்தனைக்குப் பிறகும், பக்கத்தில் எழுதியிருக்கும் நிறுவல் கட்டளை ஓடுகிறதா என்று பார்க்கும் வேலை மட்டும் வாசகருக்கு.