‘பக்கத்துலதான்’ என்னும் நீட்டலளவை: கிழக்குக் கடற்கரைச் சாலையை முன்வைத்து ஓர் ஆய்வு

கடற்கரையோரமாகச் சைக்கிளில் தனியே நெடுந்தூரம் செல்வோர் இவ்வாய்வில் ‘தனிமிதியர்’ எனப்படுவர். தாமே மிதித்துத் தம்மிடமே முறையிட்டுக்கொள்பவர் என்பது இதன் பொருள். சென்னையில் தொடங்கிப் புதுச்சேரி, நாகப்பட்டினம், தொண்டி, தூத்துக்குடி வழியாகக் கன்னியாகுமரியில் முடியும் தடமே ஆய்வெல்லை.

கரையின் நீளமே முதற் சிக்கல். தமிழகக் கடற்கரை 1,076 கிலோமீட்டர் என்று மாநில அரசின் ஆவணங்களும், 906.9 கிலோமீட்டர் என்று நடுவண் அரசின் பழைய கணக்கும் நெடுங்காலம் கூறிவந்தன. அண்மைய மறு அளவீட்டில் பின்னது 1,068.69 ஆயிற்று. வளைவு நெளிவுகளை நுணுகி அளக்க அளக்கக் கரையின் நீளம் கூடும் என்பதால், ஓரங்குல நிலமும் சேராமலே 160 கிலோமீட்டருக்கு மேல் கரை வளர்ந்துவிட்டது. தனிமிதியரின் முழங்கால்கள் இம்மூன்று எண்களில் எதையும் ஏற்பதில்லை.

சாலைக்கும் கடலுக்கும் இடையே சவுக்குத் தோப்பும் உப்பளமும் இறால் பண்ணையும் கிடப்பதால், பெரும்பாலான இடங்களில் கடல் கண்ணுக்குப் படாது. ஆகவே ‘கடற்கரைப் பயணம்’ என்பது ஆகுபெயர்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று தெற்கு நோக்கிச் செல்வோரை முதுகில் தள்ளும். மழையும் உடன் வரும். எதிர்க்காற்றில் செல்வோர் கூறுவன அச்சேறத் தக்கன அல்ல.

இனி, மையப்பொருள். அடுத்த ஊர் எவ்வளவு தூரம் என வினவும் தனிமிதியருக்குச் சாலையோரத்தார் தரும் விடையே ‘பக்கத்துலதான்’. காதம் எத்தனை மைல் என்பதில் அறிஞர்கள் தலைமுறைகளாக முரண்பட்டு, ஒருவர் மறுப்பை மற்றவர் மறுத்து, மணிவிழா மலர்கள் பலவற்றை நிரப்பியிருக்க, அவர்களுள் எவரும் இவ்வளவையைத் தொடாமல் விட்டது, இதை அறிய நாற்காலியை விட்டு எழ வேண்டியிருப்பதாலாகலாம்.

இவ்வளவை வாயால் கூறப்படினும் கையாலேயே நிறுவப்படும். உள்ளங்கை தரைநோக்கி இருக்க விரல்கள் மட்டும் அசையின் 2 கிலோமீட்டர்; முழங்கை நீளின் 7; முகவாயும் உடன் உயர்ந்து, ‘அந்தா’ என்பதன் ஈற்று நெடில் அளபெடுத்து நான்கு மாத்திரை ஒலிப்பின், தனிமிதியர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக்கொள்க (மரக்காணம், டீக்கடைப் பெஞ்சின் வலது ஓரத்தவர், வாய்மொழி).

விடையளிப்பவரின் ஊர்தியும் கருதத்தக்கது. பைக்கில் செல்பவர் ‘அஞ்சே நிமிஷம்’ என்பது அவருடைய ஆக்ஸிலேட்டரின் கணக்கு, ஆடு மேய்ப்பவர் ‘ரொம்பத் தூரமாச்சே’ என்பது ஆடுகளின் கணக்காயினும், நண்பகலுக்குப் பின் சைக்கிளுக்கும் அதுவே பொருந்தும் (வேதாரண்யம், பஞ்சர் கடைக்காரர், ட்யூபைத் தண்ணீர்ச் சட்டியில் அமிழ்த்திக் குமிழி வருமுன் கூறியது, குமிழி வந்தபின் கூறியது பாடபேதம்).

‘நாலு மிதி மிதிச்சா வந்துரும்’ என்பது இதன் கிளை வழக்கு. இதில் ‘நாலு’ என்பது எண்ணுப்பெயரா, ஆறுதல் மொழியா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு (தொண்டி, பேருந்து நிழற்குடை, மூவர், அவருள் ஒருவர் உறக்கத்தில், உறங்கியவர் கருத்து தலை சாய்ந்த திசையினின்று உய்த்துணரப்பட்டது, அவர் விழித்தபின் மறுத்ததைப் பிற்சேர்க்கை எனத் தள்ளுவதே ஆய்வு மரபு).

குழுவாகச் செல்வோர் பல விடைகளைத் திரட்டிச் சராசரி காணலாம். தனிமிதியருக்கோ ‘தனியாவா வந்தீங்க?’, ‘வீட்டுல ஒண்ணும் சொல்லலையா?’, ‘கியர் சைக்கிளு என்னா விலை வரும்?’ என்னும் மூன்றுக்கும் விடையிறுத்த பின்னரே தூரம் சொல்லப்படும். அதற்குள் இருட்டிவிடுவதால் தூரம் பயனற்றுப்போகும்.

இத்தடத்தினின்று கிளை பிரிந்து, 1988இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்தைக் கடந்து, 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கும் அப்பால் செல்வோர்க்கு அரிச்சல்முனையில் சாலை முடிந்துவிடுகிறது. அங்கு மாங்காய்க் கீற்று விற்பவரிடம் இலங்கை எவ்வளவு தூரம் என்று கேட்பினும் விடை ‘பக்கத்துலதான்’ என்பதே. தலைமன்னார் அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டரே ஆதலால், வழியெங்கும் பொய்த்த அளவை அவ்விடத்தில் மட்டும் ஒருவாறு மெய்யாகிறது. சைக்கிள் செல்ல இயலாத திசையில் கிடைத்த இச்சான்று செல்லுமா என்பது நெறியாளரின் கையொப்பத்துக்காக நிலுவையில் உள்ளது.