பணியாரமும் மகாராணியும்

கனடாக் குடியுரிமைச் சோதனை 18 முதல் 54 வயது வரையானவர்களுக்கு மட்டும்தான். விண்ணப்பித்தபோது அப்பாவுக்கு 54. "ஒரு வருஷம் பொறுத்திருக்கலாம்" என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவா. அம்மம்மாவுக்கு 72, சோதனையே இல்லை. ஆகவே வீட்டில் ஒழுங்காகப் படித்தது அம்மம்மா மட்டும்தான்.

இரவில் நான் அரசாங்கக் கைநூலைத் தமிழாக்கி வாசிக்க, அவ கேட்டுக்கொண்டிருப்பா. நாட்டின் தலைவர் இரண்டாம் எலிசபெத் மகாராணி என்றதும் கண்ணாடியைக் கழற்றினா.

"அவ இன்னும் இருக்கிறாவே?"

அம்மம்மா பிறந்த 1940இல் இலங்கையும் ஆறாம் ஜோர்ஜின் ஆட்சியில். 1952இல் மகள் முடிக்கு வந்தா. 1972இல் நாங்கள் குடியரசாகி அவவை அனுப்பிவிட்டோம். நாற்பது வருஷம் கழித்து, விமானம் ஏறி வந்து, அவவிடமே திரும்பச் சத்தியம் செய்யப் போகிறோம்.

"நாங்கள் கழட்டிவிட்டும் அந்த மனுசி மனசில வைச்சிருக்கேல்லை, பாத்தியே!"

20 கேள்வியில் 15 சரி வந்தால் போதும். அப்பா 16 எடுத்தார். "மிச்சம் நாலும் எங்கை?" என்றா அம்மம்மா.

சத்தியப்பிரமாணத்துக்கு முதல் நாள் வீடெல்லாம் வறுத்த பயறு வாசம். இவ்வளவு பெரிய உதவி செய்பவர்களிடம் கையை வீசிக்கொண்டு போவதாவது? பயித்தம் பணியாரம் ஒரு டப்பா நிறைய. அப்பா பதறிவிட்டார். ஊரில் ஒரு கையெழுத்துக்கு என்னவெல்லாம் கொடுத்திருப்பாரோ, கேட்டால் சொல்லமாட்டார்.

"மாமி, நீதிபதிக்குப் பலகாரம் குடுத்தால் லஞ்சம் எண்டு உள்ளுக்குப் போட்டிடுவாங்கள்!"

"பயறுக்கும் சக்கரைக்குமோ?"

ஸ்காபரோ மண்டபத்தில் எல்லோரும் எழுந்து கையை உயர்த்தினோம். ஆங்கிலத்தில் அப்பா கொஞ்சம் அதிகமாகவே சத்தம் போட்டார். பிரெஞ்சு வந்ததும் மண்டபத்தின் பாதி, கோயிலில் மந்திரம் தெரியாதவர்களைப்போல வாயை மட்டும் அசைத்தது. 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்தபிறகு, சிங்களச் சோதனை எழுதமாட்டேன் என்று கிளாக்கர் வேலையை விட்டவர் எங்கள் அம்மப்பா. அம்மம்மா என் காதோடு கேட்டா:

"இந்தப் பாஷைக்குப் பிறகு சோதனை வைப்பாங்களே?"

"இல்லை அம்மம்மா."

"தெரியாட்டி வேலையால நிப்பாட்டுவாங்களே?"

"இல்லை."

அதன்பிறகு அப்பாவைவிடப் பலமாகப் பிரெஞ்சு பேசினா. என்ன பேசினா என்பது அவவுக்கும் தெரியாது.

பழைய நிரந்தரவாசி அட்டையை வாங்கிக்கொண்டு சான்றிதழ் தந்தார்கள். கடைசியில் நீதிபதியோடு குடும்பப் படம். அது இப்போதும் வரவேற்பறையில், சாமிப் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அம்மம்மாவின் வலது கை நீதிபதியின் கைக்குள். இடது கை கைப்பைக்குள். அப்பா மட்டும் கமராவைப் பார்க்கவில்லை. அந்தப் பையின் சிப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.