மார்கழி மல்லி
சின்ன நாத்தனாருக்குப் பூ கொடுத்துவிடலாம் என்று மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போனேன். மார்கழி. பனியில் மொட்டு சிறுத்து, வரத்து குறைந்து, மல்லி கிலோ 2,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லிக்கு இந்தப் பனிக்காலத்தில் நகைக்கடை மரியாதைதான். கால் கிலோ கேட்டதும் கடைக்காரர் தராசைத் தொடாமல், “வீட்ல கல்யாணமாக்கா?” என்றார்.

திரும்பி வந்து வேலியோரத்து டிசம்பர் பூவைப் பறித்தேன். பனிக்கென்றே பூக்கும் ஊதாப் பூ. வாசனை இல்லை, விலை இல்லை; ஆகவே மரியாதையும் இல்லை. நெருக்கமாகக் கட்டி, வாழை இலையில் சுற்றி, பஸ்ஸில் கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் போன்.

“பூ வந்துச்சு அண்ணி. கூட வச்சிருந்த மல்லியத்தான் பஸ்ல யாரோ எடுத்துட்டாங்க போல.”

“ஆமா, களவாணிப் பயலுக!” என்றேன்.