தூள் யாருக்குப் போகுது, மருமகனே?

பெல்ட்டும் தட்டும் வச்சு மரம் தேய்க்குத சாண்டர் மிஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் வச்சு, சுத்திவர சாமந்தி மாலையும் போட்டிருக்கே. லட்சணமா இருக்கு மருமகனே. ஆயுத பூஜை வரைக்கும் பொறுக்க முடியலை போல. மாலை பெல்ட்டுல சிக்காமப் பாத்துக்க.

இது பத்தலை, பெருசா ஒண்ணு வாங்கப் போறேன்னு சொல்லுதியாமே. வாங்கு. பேங்குக்காரனும் பிழைக்கணும்லா. 6 அங்குலத் தட்டுல கோணலாத் தேய்க்குதவன் 12 அங்குலத் தட்டுல தேய்ச்சா, கோணல் தெருமுனை வரைக்கும் தெரியும். அதுக்கு முன்னாடி கிழவன் சொல்லுததை ஒரு காதுல வாங்கிக்க. விடுததுக்குத்தான் இன்னொரு காது இருக்கே.

மேசைக்கும் தட்டுக்கும் மூலைமட்டம் வச்சுப் பாத்தியா? 90-ல முள்ளு நிக்கு மாமாங்கே. அந்த 90 ஒரு ஸ்டிக்கர்தானடே. அதை ஒட்டினவன் உன் மேசையைப் பாத்தா ஒட்டினான்? மட்டத்தை வச்சுப் பாத்து, திருகைத் தளத்தி, வெளிச்சம் தெரியாத மட்டும் மேசையைத் திருப்பு. அப்புறம் அந்தச் சந்து. தட்டுக்கும் மேசைக்கும் நடுவுல உன் சுண்டுவிரல் போற அளவுக்கு விட்டிருக்கே. சின்னத் துண்டு உள்ள இழுபட்டா விரலும் கூடப் போகும். ஒண்ணரை மில்லிமீட்டர் போதும்.

நீ பலகையைத் தட்டோட நட்ட நடுவுல வச்சு, கம்பீரமா அமுக்குதே. நிமிஷத்துக்கு 2,880 சுத்து மோட்டார். விளிம்பு வினாடிக்கு 22 மீட்டருக்கு மேல ஓடுது. பாதி தூரம் உள்ள வந்தா வேகமும் பாதி. நடுப்புள்ளி சும்மா நின்ன இடத்துலயே சுத்துது. பிறகு ஏன் மாமா ஒரு ஓரம் மட்டும் தேயுதுன்னு கேக்கே! தட்டு கீழ இறங்குத பக்கமா வை. எதிர்ல நின்னு பாத்தா பெரும்பாலும் அது இடது பக்கம். மரத்தை அதுவே மேசையில அமுத்திக்கும். ஏறுத பக்கம் வச்சேன்னா கட்டை எகிறி மூஞ்சியில முத்தம் கொடுக்கும். கல்யாணம் ஆகாத பயலுக்கு அது ஒரு ஆறுதல்தான்.

மரத்தைக் கோணம் பிடிச்சுத் தள்ள மிஷினோட வந்த கோணக்கம்பி, மேசைக் காடியில லொடலொடன்னு ஆடுது. மாத்தணும், புதுசு ரெண்டாயிரம்னு கணக்குப் போட்டிருப்பே. கம்பியோட விளிம்புல பஞ்ச் வச்சு நாலஞ்சு இடத்துல லேசாத் தட்டு. இரும்பு கொஞ்சம் பிதுங்கும், காடியில கச்சிதமா உக்காரும். கூடிப்போனா அரத்தால ஒரு இழுப்பு. செலவு எவ்வளவுன்னு கேளு, சொல்லுதேன்: ஒரு சுத்தியல் சத்தம்.

சப்பாத்திப் பலகைக்கு ஆர்டர் எடுத்திருக்கே. சந்தோஷம். கண்ணாலயே வட்டம் பிடிச்சு, கோழிமுட்டை கணக்கா நாலு பலகை செஞ்சு அடுக்கியிருக்கே. வாங்குதவ அதுல தேய்ச்சா சப்பாத்தி எந்தப் பக்கம் ஓடும்னு அவளுக்கே தெரியாது. பிளைவுட் துண்டு ஒண்ணை மேசையில கிளாம்ப் போட்டு இறுக்கு. அதுல ஒரு காடி, காடிக்குள்ள நகருத மாதிரி ஒரு பட்டி, பட்டியில தலை வெட்டின ஒரு ஆணி. பலகையோட அடிப்பக்க மையத்துல ஒரு துளை போட்டு ஆணியில மாட்டு. பட்டி தட்டை நோக்கிப் போகும். வேண்டிய அளவுல ஒரு தடுப்புக்கட்டை அதை நிறுத்தும். நின்ன பிறகு பலகையை ஒரு முழுச் சுத்து சுத்து. நூறு பலகைன்னாலும் ஒரே வட்டம். இதுக்கு 12 அங்குலம் எதுக்குடே?

பெல்ட்டு மழுங்கிப்போச்சுன்னு மூலையில வீசியிருக்கே. அது மழுங்கலை, பிசினும் தூளும் அடைச்சுக் கிடக்கு. க்ரீப் ரப்பர் அடி வச்ச பழைய செருப்பு இருந்தா, ஓடுத பெல்ட்டுல அதை லேசாக் காட்டு. அடைப்பெல்லாம் ரப்பரோட வந்துரும்.

இனி தூளுக்கு வருவோம். பின்னால தொங்குத துணிப்பை நிறைஞ்சதுன்னு பெருமையா தூக்கிக் காட்டுதே. பையில விழுந்தது நல்ல பிள்ளை, கூட்டி அள்ளிரலாம். 10 மைக்ரானுக்கும் சின்னதா இருக்கதுதான் துணியில புகுந்து வெளிய வந்து, மிஷினை நிறுத்தி நீ டீ குடிக்கப் போன பிறகும் காத்துல மிதக்கும். நீயோ வேர்க்குதுன்னு ஃபேனைப் போட்டு, அந்தத் தூளை அடுத்தாப்ல வார்னிஷ் காயப்போட்ட கதவுக்கு அனுப்புதே. தெருவுல எல்லாருக்கும் பங்கு வைக்கத் தெரிஞ்ச மனசு உனக்கு.

இங்கிலாந்துல ஹை விக்கம்னு நாற்காலி செய்யுத ஊரு. அங்க மரவேலைக்காரங்களுக்கு மூக்குக்குள்ள புத்து வழக்கத்துக்கு மீறி வருதுன்னு 1960-கள்லயே டாக்டருங்க கண்டுட்டாங்க. 1995-ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மரத்தூளைப் புகையிலைப் புகை இருக்குத முதல் வரிசையிலயே வச்சுட்டு. நீ பீடியை விட்டுட்டேன்னு உங்க அம்மா கோயில்ல தேங்காய் உடைச்சா. அவகிட்ட நான் ஒண்ணும் சொல்லலை. ஈட்டி மரம் தேய்க்குதப்ப உனக்குத் தும்மலும் அரிப்பும் வருதுல்லா, அது யாரும் கண்ணு வச்சதால இல்லை. கழுத்துல கட்டியிருக்குத கைக்குட்டை போட்டோவுக்கு நல்லா இருக்கும். தேய்க்குதப்ப என்-95 மாஸ்க்கைப் போடு.

மாஸ்க்கை நம்பி மிஷினைச் சும்மா விட்டுராத. தட்டுக்குக் கீழ, தூள் தெறிக்குத பக்கத்தைத் தகடு வச்சு மூடி, ஒரு வாய் விடு. அந்த வாயில வேக்குவத்தைச் செருகு. நடுவுல ஒரு மூடி போட்ட வாளி. குழாயை அதுல ஓரமாச் சாய்ச்சு விட்டா காத்து சுழலும், கனத்த தூள் அடியில தங்கும், வேக்குவத்தோட ஃபில்டர் சீக்கிரம் அடைக்காது. ஃபில்டர் ஹெப்பாவா இருக்கட்டும். குழாயைக் குட்டையா வை. 4 அங்குலத்தை 2 அங்குலமாக் குறுக்கினா வழி பாதியாகாது மருமகனே, காலாப் போயிரும். ஒரே மடக்கா 90 டிகிரி திருப்பாம, 45 எல்போ ரெண்டு போடு.

இன்னொண்ணு. தூள் இழுக்குத குழாய் மாட்டின பிறகு அதே பெல்ட்டுல உளியைத் தீட்டாத. பழைய வீட்டு உத்தரத்துல ஆணி இருக்கான்னு பாக்காமலும் தேய்க்காத. ஒரு பொறி உள்ள போனா வாளிக்குள்ள கொழுக்கட்டை வேகாது, பட்டறையே வேகும்.

வாளி கெட்டியா இருக்கணும். மெலிசுன்னா வாயடைச்ச உடனே உள்ள சப்பிரும். எங்க வீட்டுப் பின்வாசல்ல 20 லிட்டர் பெயிண்ட் வாளி ஒண்ணு, மூடியோட நல்ல கனமா கிடக்கு. சாயங்காலம் அத்தை கோயிலுக்குப் போனதும் வந்து எடுத்துக்க. அவ அதுலதான் புளி போட்டு வச்சிருக்கா; புளியை அண்டாவுல தட்டிரு. கேட்டா, மாமாவை நீ பாக்கவே இல்லை.